மழை விசாரிக்காத கேள்வி

ஐம்பத்து மூன்று வயதில் பரீட்சையில் பெயிலானால் அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. பதினைந்து வயதில் பெயிலாகிறவனுக்கு அப்பாவின் அடி உண்டு, அம்மாவின் அழுகை உண்டு, ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. ஐம்பத்து மூன்றில் பெயிலாகிறவன் அனாதை. நான் அப்படி மூன்று முறை பெயிலானவன். முதல் இரண்டையும் மூடி மறைத்தேன். மூன்றாவதை மட்டும் ஓமலூர் கடைவீதியில் கேட்காதவர்களுக்கும் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். (சரசு, அதாவது என் மனைவி, ‘பேசாம எழுதிப்போடுங்க, ஊராவது நிம்மதியா இருக்கட்டும்’ என்றாள். எழுதுகிறேன்.)

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கிணற்று மோட்டார் புகைந்துபோனால் கழற்றி என் கடைக்குக் கொண்டுவருவார்கள். கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். இந்த அனுபவத்தை நம்பி, கைபேசியில் ‘கிணறும் மோட்டாரும்’ என்ற விவசாயிகள் குழுவில் என்னை ஒரு மாடரேட்டர் ஆக்கினார்கள். அந்தச் செயலி அதைத் தமிழில் ‘மட்டுறுத்துநர்’ என்று காட்டும். என் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை வரும். சம்பளம் கிடையாது, சன்மானம் கிடையாது, டீ கூடக் கிடையாது. ஆனால் அந்தப் பச்சைப் பட்டை வந்த அன்று நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்காரர் ‘ஏனுங்க, முதுகு புடிச்சுக்கிச்சுங்களா?’ என்று கேட்டார்.

வேலை என்னவென்றால், குழுவில் வருகிற பதிவுகள் வரிசையாக என் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘இருக்கட்டும்’, ‘நீக்கு’ என்று இரண்டு பொத்தான்கள். ஓட்டை மோட்டாரைப் புதுசென்று விற்கிறவனை நீக்குவேன். மூன்று ஃபேஸில் எர்த் இல்லாமல் இணைப்புக் கொடுக்கச் சொல்லிப் படம் போடுகிறவனை நீக்குவேன். காலையில் கடை திறக்கும் முன் ஒரு மணி நேரம். மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் பார்த்தேன். யாரோ ஒரு முகம் தெரியாதவர் வீட்டுக் கிணற்றடியில் விபத்து நடக்காமல் போனதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் குழு ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்து மனிதர்கள் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரமாட்டார்கள். ‘வணக்கமுங்க. எல்லாரும் சௌக்கியங்களா? உங்க பக்கம் மழை உண்டுங்களா? எங்களுக்கு நேத்து ஒரு உழவு மழைங்க’ என்று தொடங்கி, ஆறாவது வரியில்தான் ‘மோட்டாரு தீஞ்சுபோச்சுங்க’ என்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு முதலில் மழையை விசாரிக்கிற சாதி.

அதேபோல விருப்பக்குறி. ஒருவர் பதிவுக்கு இன்னொருவர் விருப்பம் போடுவது அதைப் படித்துவிட்டு அல்ல. அவர் நம் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தார், அவர் வீட்டுக் கிடா வெட்டுக்கு நாம் போகாமல் இருக்க முடியுமா? அந்த நியாயம்தான். சங்ககிரி ரத்தினம் என்றொரு நல்ல மனிதர். குழுவில் யார் எதைப் போட்டாலும் முதல் ஆளாக விருப்பம் போடுவார். அதனால் அவர் எதைப் போட்டாலும் குழுவே திரண்டு வந்து விருப்பம் போடும். அவர் ஒருமுறை தவறுதலாகத் தன் கட்டைவிரலைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். அதற்கு நானூறு விருப்பம்.

அந்த ரத்தினம்தான் ஒரு நாள் இப்படி ஒரு பதிவும் போட்டிருந்தார்: ‘ஸ்டார்ட்டர் பெட்டியில் ஷாக் அடிக்கிறதா என்று பார்க்க டெஸ்டர் எதற்கு? புறங்கையால் லேசாகத் தொடுங்கள். கரண்ட் இருந்தால் அதுவே கையைத் தள்ளிவிடும்.’ கீழே ரோஜாப்பூ படம் இரண்டு. எண்ணூற்றுச் சொச்சம் விருப்பங்கள். கிணற்றடியில், ஈரத்தரையில், செருப்பில்லாமல் நிற்கிறவனைக் கரண்ட் தள்ளிவிடாது, அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் அது நான் மாடரேட்டர் ஆவதற்கு முந்தைய பதிவு. என் கண்ணில் படவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், செயலியை நடத்துகிறவர்களுக்கு ஒரு கவலை வந்தது. சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா? ஆள் வைத்துச் சோதிக்க மனமில்லாமல் ஒரு இயந்திரத்தை ஏற்பாடு செய்தார்கள். அது பழைய பதிவு ஒன்றை எடுத்து, எழுதியவர் பெயரை மாற்றி, புதிதுபோல எங்கள் வரிசையில் நுழைத்துவிடும். நல்ல பதிவுக்கு ‘இருக்கட்டும்’ அழுத்த வேண்டும், கெட்டதற்கு ‘நீக்கு’. சரியாக அழுத்தினால் பச்சைக் கட்டம் வரும், மாற்றி அழுத்தினால் சிவப்புக் கட்டம், பெயில். மூன்று பெயில் ஆனால் பச்சைப் பட்டை போச்சு. நல்லது எது, கெட்டது எது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதிக விருப்பம் வாங்கியதெல்லாம் நல்லது. அவ்வளவுதான் அதன் ஞானம்.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். ஒரு காலையில் அந்தப் புறங்கைப் பதிவு வேறொரு பெயரில் என் திரையில் வந்து நின்றது. நான் பதறிப்போய் ‘நீக்கு’ அழுத்தினேன். உடனே சிவப்பில் ஒரு கட்டம்: ‘இது ஒரு தரச் சோதனை. நீங்கள் தவறான முடிவு எடுத்துள்ளீர்கள். இது சமூகத்தால் பாராட்டப்பட்ட சிறந்த பதிவு. கவனமாகப் படிக்கவும்.’

கவனமாகப் படிக்கவும்! முப்பது வருடம் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் தலையை விட்டவனைப் பார்த்து!

உதவிப் பிரிவுக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன். ஒரே வினாடியில் பதில் வந்தது. ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு சிரிக்கும் பொம்மை. ஒரு வினாடியில் என் கடிதத்தைப் பிரிக்கக்கூட முடியாது, அவ்வளவு நீளம். பத்து நாள் கழித்து அதே பதிவு மறுபடி வந்தது, இன்னொரு பெயரில். எனக்கு ரோஷம். மறுபடி ‘நீக்கு’. மறுபடி பெயில். ‘இன்னும் ஒரு தவறு நேர்ந்தால் உங்கள் பொறுப்பு நிறுத்தப்படும்.’

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சோதனையில் வந்தது வெறும் நகல். அசல் பதிவு குழுவுக்குள் அப்படியே இருந்தது. நான் உள்ளே போய் அசலையே தேடி அழித்திருக்கலாம். ஆனால் ‘சிறந்த பதிவு’ ஒன்றை அழித்தால் அதுவும் பெயில் கணக்கில் சேரும், பட்டை போய்விடும். என் மகள் நித்யாவுக்கு அப்போதுதான் ஜேடர்பாளையத்தில் சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நல்லமுத்து, முதல் பேச்சிலேயே ‘சம்பந்தி பெரிய குழுவுல அட்மினுங்களாமே’ என்று தன் பங்காளிகளிடம் பெருமையாகச் சொன்னவர். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே ‘மட்டுறுத்துநர்’ என்று போடலாமா என்று நான் அச்சகத்தில் விசாரித்தே விட்டேன். இந்த நேரத்தில் பட்டை போனால்? அதனால் அசலைத் தொடாமல் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. எந்தப் பதிவைப் பார்த்தாலும் ‘இது இயந்திரம் வைத்த பொறியோ?’ என்று தோன்றியது. ஒரு பதிவுக்குப் பதினைந்து நிமிடம் யோசித்தேன். குழுவில் யாரோ ‘காலை வணக்கம்’ போட்டதற்கு, அது உண்மையிலேயே காலைதானா என்று கடிகாரம் பார்த்தேன். கடைசியில் நானாக ஒரு உத்தி கண்டுபிடித்தேன். நம் ஆட்கள் வணக்கம் சொல்லாமல், சௌக்கியம் கேட்காமல், மழையை விசாரிக்காமல் எழுதவே மாட்டார்கள். ஆகவே எந்தப் பதிவு மொட்டையாக விஷயத்துக்கு வருகிறதோ, அது இயந்திரம்! இந்தக் கண்டுபிடிப்பைச் சரசுவிடம் சொன்னேன்.

“ஏனுங்க, பொண்ணுக்குக் கல்யாண வேல தலைக்கு மேல கெடக்குது. நீங்க மெஷினுக்கு மாமனார் மாதிரி குத்தம் கண்டுபுடிச்சுக்கிட்டு இருக்கறீங்க” என்றாள்.

சம்பந்தி வீட்டில் முதல்முறையாகக் கை நனைக்கிற நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, பெண் வீட்டார் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். நானும் சரசுவும் பங்காளிகளுமாகப் பதினொரு பேர் ஒரு வேனில் கிளம்பினோம். நித்யா வீட்டு வாசலில் நின்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அப்பா, அங்க போயி போனை நோண்டாதீங்க. பேச்சுக் குடுத்தா பேசுங்க. இலையில போட்டத சாப்புடுங்க. அவ்வளவுதான் உங்க வேல.”

“சரி சாமி” என்றேன்.

தாரமங்கலம் தாண்டும் வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். சங்ககிரி வந்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. திருச்செங்கோட்டுக்கு முன்னால் வரிசையில் ஒரு பதிவு வந்தது. எழுதியவர் பெயர் ‘காவிரிக்கரையான்’. படம் இல்லை.

‘ஸ்டார்ட்டர் பெட்டி தொட்டால் சுருக் என்கிறது. மோட்டார் ஓடவில்லை. அவசரம். என்ன செய்வது.’

எனக்குப் புல்லரித்தது. வணக்கம் இல்லை. சௌக்கியம் இல்லை. மழை இல்லை! மாட்டினாயடா மெஷினே என்று தொடையைத் தட்டினேன். (பக்கத்தில் இருந்தது என் அண்ணனின் தொடை.) ‘நீக்கு’ அழுத்தினேன். காரணம் கேட்டது, ‘தரமற்றது’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சிவப்புக் கட்டம் வரவில்லை. பாஸ்! வேனில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

பச்சைக் கட்டமும் வரவில்லையே என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

ஜேடர்பாளையத்தில் காவிரியோரத் தென்னந்தோப்புக்கு நடுவில் சம்பந்தி வீடு. வாசலில் பந்தல், உள்ளே பத்திருபது உறவுகள், பின்கட்டில் சமையல் வாசனை. சம்பந்தியம்மா கைகூப்பி வரவேற்றார். முறைப்படி மழையை விசாரித்தோம். அணையில் தண்ணீர் போகிறதா என்று விசாரித்தோம். எங்கே சம்பந்தி என்று கேட்டேன்.

“அத ஏங்க கேக்கறீங்க? காத்தாலிருந்து மோட்டாரு ஓடலீங்க. வர்றவீங்க கை கழுவக்கூட தொட்டியில தண்ணி இல்லீன்னு அவருக்கு ஒரே ரோசனை. உங்களக் கேக்கலாமுன்னா, விருந்துக்கு வர்ற சம்பந்தியப் போயி வேல வாங்கறதான்னு சொல்லிப்போட்டு, ஏதோ போன்ல ஒரு குழுவுல கேட்டாருங்க. எவனோ ஒரு வீணாப்போனவன் ‘உங்க கேள்வி தரமற்றது’ன்னு அனுப்பிப்போட்டானுங்க! மனுசன் நொந்துபோயிட்டாரு.”

என் காதுக்குள் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. சரசு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் மனைவிக்கு வாயைத் திறக்காமலே எல்லாம் விளங்கிவிடுகிறது.

“அப்புறமென்னமோ, அந்தப் போனே ‘இதுக்கு ஏற்கெனவே சிறந்த பதில் இருக்குது’ன்னு ஒண்ணக் காட்டுச்சுங்களாம்” என்றார் சம்பந்தியம்மா. “பொறங்கையில தொட்டுப் பாத்தா தெரிஞ்சுருமாம். தொட்டுப் பாத்துட்டு வாரேன்னு இப்பத்தானுங்க மோட்டாரு ரூமுக்குப் போறாரு.”

நான் ஓடினேன். புது வேட்டி, புதுச் செருப்பு, ஐம்பத்து மூன்று வயது, எல்லாவற்றையும் மறந்து ஓடினேன். செருப்பு ஒன்று வாய்க்காலில் போனது. வேட்டியைக் கையில் பிடித்திருந்தேனா, பல்லில் கடித்திருந்தேனா என்று ஞாபகமில்லை. பின்னால் சரசு கத்துவது கேட்டது. எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம், எண்ணூற்றுச் சொச்சம் விருப்பமும் இரண்டு ரோஜாப்பூவும்.

மோட்டார் ரூம் வாசலை எட்டினேன். உள்ளே ஈரத்தரை. வெறுங்காலோடு சம்பந்தி. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேரே கை நீட்டியபடி, தலையிலிருந்து கால்வரை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தார்!

கரண்ட் பிடித்தவனை வெறுங்கையால் தொடக்கூடாது, காய்ந்த மரத்தால் அடித்து விலக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். வாசலில் காய்ந்த தென்னை மட்டை ஒன்று கிடந்தது. எடுத்தேன். “தொடாதீங்க!” என்று ஒரு கூச்சல் போட்டுக்கொண்டே அவர் வலது கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவர் தடுமாறி விலகினார். சந்தேகமிருந்தால் இன்னொன்று வைக்கலாம் என்றும் பாடத்தில் இருப்பதால் இன்னொன்றும் வைத்தேன்.

“அய்யோ! ஆருடா அது?”

“நாந்தானுங்க சம்பந்தி!”

“எதுக்குங்க அடிக்கறீங்க?”

“கரண்டுங்க! கரண்டு புடிச்சிருச்சுங்க!”

“எறும்புங்க! வேட்டிக்குள்ள எறும்பு பூந்துருச்சுங்க! நா இன்னும் பொட்டியத் தொடவே இல்லீங்க!”

அடித்தவனும் அடி வாங்கியவரும் மரியாதை குறையாமல் பேசிக்கொள்வது எங்கள் பக்கத்தில் மட்டும்தான் நடக்கும்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு கூடு வைப்பது எல்லாக் கிணற்றடியிலும் உள்ளதுதான். பெட்டிக்குக் கீழே போய் நின்றதும் அவை அவர் காலில் ஏறியிருக்கின்றன. அவர் ஆடியது அதற்கு. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் தொழில் புத்தி வந்தது. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் தகட்டில் வைத்தேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அணில் கடித்த ஒயர் ஒன்று தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தகடு முழுக்கக் கரண்ட். காலையில் அவருக்கு ‘சுருக்’ என்று மட்டும் இருந்ததற்குக் காரணம், அப்போது காலில் ரப்பர் செருப்பும் கீழே காய்ந்த தரையும். இப்போது செருப்பும் இல்லை, பம்பு நீர் இழுக்குமா என்று குடத்தால் ஊற்றிப் பார்த்ததில் தரையும் ஈரம். அவர் புறங்கை பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது.

இருவரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். சம்பந்திக்கு வேர்த்துவிட்டது.

மெயினை அணைத்துவிட்டு, ஒயரை மாற்றிக் கட்டினேன். கால் மணி நேரத்தில் மோட்டார் ஓடி, தொட்டியில் தண்ணீர் விழுந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பியபோது நிலைமை வேறாக இருந்தது. சம்பந்தியின் மணிக்கட்டு இட்லியாக உப்பியிருந்தது. பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. சம்பந்தியின் பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“பொண்ணூட்டுக்காரரு வந்ததும் வராததுமா மாப்பள்ளையோட அப்பனப் போட்டு அடிச்சிருக்காரு. இன்னும் கையே நனைக்கல. கை நனைச்சா எத எடுத்து அடிப்பாரோ? நல்லமுத்து, ரோசனை பண்ணிக்கோ.”

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் பையில் போன் அடித்தது. நித்யா.

“அப்பா, அம்மா போன எடுக்கல. எல்லாம் நல்லபடியா போகுதுங்களா?”

“போகுது சாமி” என்று சொல்லிவிட்டு அணைத்தேன். சொந்த மகளிடம் அப்படி ஒரு பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

சம்பந்தி திண்டில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். “அடிச்சது கெடக்குது, உடுங்க சம்பந்தி. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியோணும். நீங்க அந்தக் குழுவுல அட்மினுதானுங்களே. என்னையத் தரமற்றதுன்னு சொன்னவன் ஆருங்க?”

ஓடிப்போக இன்னொரு செருப்பும் இல்லை. “நாந்தானுங்க” என்றேன்.

பின்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரம் வைக்கிற சோதனை, நான் இரண்டு முறை அந்தப் புறங்கைப் பதிவை நீக்கி இரண்டு முறை பெயிலானது, மூன்றாவது பெயிலுக்குப் பயந்தது, மழையை விசாரிக்காதவன் மனிதனே இல்லை என்று கண்டுபிடித்தது, எல்லாம். “வணக்கமில்லாம எழுதுனதால மெஷினுன்னு நெனச்சுட்டேனுங்க சம்பந்தி.”

அவர் உப்பிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“அதுல பதில் சொல்றது மெஷினுன்னுதானுங்க நானும் நெனச்சு எழுதுனேன். மெஷினுகிட்டப் போயி மழை உண்டான்னு கேப்பாங்களா?”

முதலில் சரசுதான் வெடித்துச் சிரித்தாள். அப்புறம் சம்பந்தியம்மா. நான் அவரை மெஷின் என்றும் அவர் என்னை மெஷின் என்றும் நினைத்து, நடுவில் இருந்த உண்மையான மெஷின் எங்கள் இருவரையும் சுடுகாட்டு வாசல் வரைக்கும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறது.

ஆனால் சம்பந்தி சிரிக்கவில்லை. “அந்தப் பொறங்கைப் பதிவு இன்னும் அங்கயேதான் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“உங்களால அழிக்க முடியாதுங்களா?”

பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். “முடியுமுங்க. அழிச்சா என்ற பதவி போயிருமுங்க.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது. எதிரே உப்பிய கையோடு ஒரு மனிதர். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் அந்தப் பந்தல் வேறு காரியத்துக்கு ஆகியிருக்கும். போனை எடுத்தேன். குழுவுக்குள் போய் ரத்தினத்தின் அசல் பதிவைத் தேடிப் பிடித்தேன். சின்னப் பதவிதான், ஆனால் என் ஒரே பதவி. ‘நீக்கு’ அழுத்தினேன்.

சிவப்புக் கட்டம் வந்தது. ‘மூன்றாவது தவறு. உங்கள் மட்டுறுத்துநர் பொறுப்பு நிறுத்தப்பட்டது.’ என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் பட்டை அணைந்தது. பந்தி மொத்தமும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ‘சிறந்த பதிவு மீட்கப்பட்டது’ என்று சொல்லி, அந்த மெஷின் ரத்தினத்தின் பதிவைப் பழையபடி அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தது. ரோஜாப்பூவும் வந்துவிட்டது.

“அட, அழிச்சதத் திருப்பி வெச்சுப்போட்டுதே!” என்று பெரியப்பாவே எழுந்துவிட்டார்.

சம்பந்தி கேட்டார்: “இத எழுதுன ரத்தினம் நெசமான ஆளுங்களா, அவரும் மெஷினுங்களா?”

“நெசமான ஆளுங்க. நம்பர் இருக்குதுங்க.”

“அப்பப் போடுங்க போன. ஸ்பீக்கருல வைங்க.”

போட்டேன். ரத்தினம் எடுத்தார். இலையில் சாதம் ஆறிக்கொண்டிருக்க, முப்பது பேர் நின்றுகொண்டிருக்க, சம்பந்தி வணக்கம் சொன்னார். சௌக்கியம் கேட்டார். சங்ககிரிப் பக்கம் மழை உண்டா என்று விசாரித்தார். ரத்தினம் இரண்டு நாளாக மப்பும் மந்தாரமுமாக இருப்பதை விவரித்தார். மரவள்ளி விலை வரைக்கும் போய்த் திரும்பிய பிறகுதான் சம்பந்தி நடந்ததைச் சொன்னார்.

“அய்யய்யோ சாமி” என்றார் ரத்தினம். குரல் உடைந்திருந்தது. “ஆரோ சொன்னதக் கேட்டு எழுதிப்போட்டனுங்க. எல்லாரும் விருப்பம் போட்டாங்களேன்னு அப்படியே உட்டுட்டனுங்க. சித்த இருங்க.”

ரத்தினமே பதிவை அழித்தார். எழுதியவரே அழித்தால் இயந்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று பரீட்சை எழுதி, ஒரு பதவியைத் தொலைத்து, ஒரு மனிதரை இரண்டு அடி அடித்து என்னால் முடியாதது, ஒரு போனில், மழையை விசாரித்து முடிந்துவிட்டது. அந்த எண்ணை நான் மூன்று வருடமாகப் பையில் வைத்திருந்தேன் என்பதை யாரும் சுட்டிக்காட்டாதது அவர்களுடைய பெருந்தன்மை. (வேனில் திரும்பும்போது சரசு சுட்டிக்காட்டினாள். ஓமலூர் வரை சுட்டிக்காட்டினாள்.)

சம்பந்தி எழுந்து என் தோளில் இடது கையைப் போட்டார். பெரியப்பாவைப் பார்த்து, “பெரியப்பா, ஆரோ ஒருத்தன் சாகக்கூடாதுன்னு ரெண்டு தடவ பெயிலாயி, மூணாவது தடவ நம்ம கண்ணு முன்னால பதவிய உட்டவரு. என்ற பையனுக்கு இப்படி மாமனாரு வேற எங்க தேடுவீங்க? வாங்க, உக்காருங்க, கை நனைக்கலாம்” என்றார்.

உட்கார்ந்தோம். அவர் வலது கை விரல்களால் சாதத்தைத் தொட்டுவிட்டு, மீதியைக் கரண்டியால் சாப்பிட்டார். நான் அன்று சாப்பிட்ட சாப்பாட்டின் ருசி எனக்குத் தெரியாது, கண் முழுக்க அவர் மணிக்கட்டில்தான் இருந்தது. மாலையில் நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ரெண்டாவது அடி எதுக்குப்பா?”

பச்சைப் பட்டை இன்றுவரை திரும்பி வரவில்லை. இயந்திரத்தின் ஏட்டில் நான் மூன்று முறை தோற்றவன், கவனமாகப் படிக்கத் தெரியாதவன். குழுவில் மட்டும் இன்றைக்கும் யாராவது கரண்ட் சம்பந்தமாக எழுதினால், கீழே பத்துப் பேர் ‘ஓமலூராரக் கேட்டுட்டுப் போடுங்க’ என்று எழுதுகிறார்கள். அதில் முதல் ஆள் ரத்தினம். பட்டை இல்லாத பெயரைப் பார்த்து அப்படி எழுதுகிறார்களே, அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

கல்யாணம் நல்லபடியாக நடந்து, பேத்தியும் பிறந்துவிட்டாள். எங்கள் இரண்டு குடும்பமும் கூடுகிற இடத்தில் சம்பந்தி புதிதாக வந்த உறவுக்காரர் யாரையாவது பிடித்து உட்கார வைத்துக்கொள்வார். “என்ற உசுரக் காப்பாத்துனவரு இவரு. எப்படிக் காப்பாத்துனாருன்னு பாருங்க” என்று சட்டைக் கையை மேலே மடித்துத் தழும்பைக் காட்டுவார். அங்கே தழும்பு என்று ஒன்றும் கிடையாது. வீக்கம் நாலே நாளில் வடிந்துவிட்டது. கேட்பவர்கள் மரியாதைக்காகக் குனிந்து பார்த்து, “அடேங்கப்பா, இன்னும் தெரியுதுங்களே!” என்பார்கள். முதல் வருடம் அது வலது மணிக்கட்டில் இருந்தது. அடுத்த வருடம் முழங்கைக்கு ஏறியது. போன பொங்கலுக்கு அவர் மடித்துக் காட்டியது இடது கையை.